பேஜ் தொற்றில் எம்ஆர்என்ஏ சிதைவு: மதுரை ஆய்வக மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி கால்வாய் வைகையில் கலக்கும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஈ.கோலை கலந்த மென்மையான அகாரோடு சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் பாக்டீரியா படர்ந்த தட்டில் அங்கங்கே தெளிவான வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு பேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ், தொடங்கி வைத்த அழிவு. மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் நுண்ணுயிரியல் படிக்கும் பல மாணவர்களின் பிராஜெக்ட் இந்தத் தட்டின் புகைப்படத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது வருத்தம். அந்த வட்டத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் சுவையான பகுதி. அதில் ஒரு துண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: செல்லுக்குள் நுழைந்த பேஜ், எந்த எம்ஆர்என்ஏ (டிஎன்ஏவிலிருந்து நகலெடுத்த, புரதம் செய்யச் சொல்லும் செய்தி) சிதைய வேண்டும், எது பிழைக்க வேண்டும் என்பதை எப்படித் தன் கைக்குள் கொண்டுவருகிறது?

எம்ஆர்என்ஏ என்ற ஒன்று இருப்பதே பேஜ் மூலமாகத்தான் தெரிய வந்தது. 1956இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வோல்கின், அஸ்ட்ராகன் இருவரும் டி2 பேஜ் தாக்கிய ஈ.கோலையில் கதிரியக்க பாஸ்பரஸைக் கலந்து பார்த்தார்கள். தொற்றுக்குப் பின் புதிதாக உருவான ஆர்என்ஏவின் கார விகிதம் (அதன் நான்கு எழுத்துகளின் விகிதம்), பாக்டீரியாவை விட்டுவிட்டுப் பேஜின் டிஎன்ஏவைப் போல இருந்தது. சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசல்சன் மூவரும் 1960 கோடையில் செய்த சோதனையில், அந்தப் புது ஆர்என்ஏ, புரதம் செய்யும் இயந்திரங்களான பாக்டீரியாவின் பழைய ரைபோசோம்களில் போய் உட்காருவதைக் காட்டினார்கள். 1961இல் அது வெளியானது.

படி 1: பேஜ் இல்லாத செல்லை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை மொட்டாக வரும் மல்லிக்குத்தான் விலை. மாலைக்குள் கட்டித் தலையில் வைத்தாக வேண்டும். மறுநாள் காலையிலும் அந்தப் பூ கூடையில் கிடக்கும், ஆனால் வாங்க ஆள் இல்லை. பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏவும் அப்படித்தான். ஈ.கோலையில் பெரும்பாலான செய்திகளின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், சில நிமிடங்கள்தான். பாக்டீரியா தன் சூழலுக்கு ஏற்ப வேகமாக மாற வேண்டும் என்பதால் பழைய செய்திகளை உடனுக்குடன் கழித்துக்கட்டுகிறது. மல்லிக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கழித்துக்கட்டும் வேலையில் முதல் கத்தரி ஆர்என்ஏஸ்-ஈ என்ற நொதி. ஈ.கோலையில் இது 1,061 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். முன்பாதி வெட்டும். பின்பாதி வெட்டாது, ஆனால் கூட்டாளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்: முடிச்சை அவிழ்க்கும் ஆர்எச்எல்பி, முனையிலிருந்து அரிக்கும் பிஎன்பேஸ், சர்க்கரைச் சிதைவில் நாம் படித்த எனோலேஸ். இந்தக் கூட்டத்துக்கு டிகிரேடோசோம் என்று பெயர். ‘ஏ’, ‘யு’ என்ற எழுத்துகள் நிறைந்த, மடியாத இடங்களில் ஆர்என்ஏஸ்-ஈ நடுவில் வெட்டும். அப்புறம் பிஎன்பேஸ், ஆர்என்ஏஸ்-2 போன்றவை துண்டுகளை 3 பிரைம் முனையிலிருந்து (ஆர்என்ஏவின் வால் முனை; தலை முனை 5 பிரைம்) தின்று முடிக்கும்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிறந்த எம்ஆர்என்ஏவின் 5 பிரைம் முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும். அது ஒன்றாகக் குறைந்தால் ஆர்என்ஏஸ்-ஈ அந்த முனையைப் பற்றிக்கொண்டு எளிதாக வெட்டும். குறைக்கும் வேலையை ஆர்பிபிஎச் என்ற நொதி செய்கிறது என்று 2008இல் காட்டினார்கள். அடுத்தது, ரைபோசோம்கள் நெருக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் எம்ஆர்என்ஏவில் கத்தரிக்கு இடம் கிடைப்பது கடினம். வெறுமனே கிடந்தால் வெட்டு விழும். பேஜ்கள் செய்கிற தந்திரங்களில் பல இந்த இரண்டு விதிகளைச் சுற்றியே வருகின்றன.

படி 2: டி4 பேஜை நிமிடம் நிமிடமாகப் பின்தொடருங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். ஒரு பேஜை ஆழமாகப் படித்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

மதுரைக்கும் டி4க்கும் பழைய உறவு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உயிரித்தொழில்நுட்பம் கற்பித்த பேராசிரியர் கே. தர்மலிங்கம், 1976இல் எட்வர்ட் கோல்ட்பர்கோடு சேர்ந்து, டி4 தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் வெட்டு நொதிகளிடமிருந்து காக்கத் தானே ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். அது டிஎன்ஏ கதை. ஆர்என்ஏ விஷயத்திலும் டி4 அதே அளவு கவனமாக இருக்கிறது.

டி4இன் டிஎன்ஏ சுமார் 1,69,000 கார இணைகள் நீளம், அதில் ஏறக்குறைய 300 மரபணுக்கள். 37 டிகிரியில் செல் வெடிக்க 25 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தக் குறுகிய நேரத்தில் மரபணுக்கள் மூன்று தவணையாக இயங்குகின்றன: முதலில் தொடக்கக் காலச் செய்திகள், பிறகு நடுக்காலம், கடைசியாகத் தலை, வால் புரதங்களைச் செய்யும் கடைக்காலம். ஒரு தவணை முடிந்ததும் அதன் செய்திகள் ஒதுங்கினால்தான் அடுத்ததற்கு ரைபோசோம் கிடைக்கும்.

முதல் வேலை, வீட்டுக்காரரான பாக்டீரியாவின் செய்திகளை வெளியேற்றுவது. ஈ.கோலையின் எல்பிபி, ஓஎம்பிஏ ஆகிய எம்ஆர்என்ஏக்கள் சாதாரணமாக நீண்ட ஆயுள் கொண்டவை. டி4 புகுந்ததும் அவை நிலைகுலைந்து வேகமாகச் சிதைகின்றன. வெட்டுவது பாக்டீரியாவின் சொந்த ஆர்என்ஏஸ்-ஈதான். டி4இன் எஸ்ஆர்டி என்ற புரதம் அதன் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. புதுக் கத்தரி கொண்டுவராமல், வீட்டிலிருக்கும் கத்தரியைச் சாணை பிடித்துக் கொடுக்கிறது பேஜ்.

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. டி4 தன் சொந்தத் தொடக்கக் காலச் செய்திகளையே வெட்டுகிறது. இதற்கென்று அது ஆர்இஜிபி என்ற தன் கத்தரியைத் தயாரிக்கிறது. ரைபோசோம் எம்ஆர்என்ஏவில் வந்து அமரும் இடத்துக்கு ஷைன்-டால்கார்னோ வரிசை என்று பெயர், ஞாபகம் இருக்கும். ஆர்இஜிபி அங்கே உள்ள ஜி-ஜி-ஏ-ஜி என்ற நான்கு எழுத்துகளைத் தேடி, நடுவே வெட்டிவிடுகிறது. ரைபோசோமின் எஸ்1 புரதம் இதற்கு உதவி செய்கிறது. அமரும் இடமே போய்விட்டதால், மீதி எம்ஆர்என்ஏ முழுசாகக் கிடந்தாலும் அதிலிருந்து புரதம் வராது. நடுக்காலத்தைத் திறக்கும் எம்ஓடிஏ புரதத்தின் செய்தியும் இப்படி வெட்டுப்படுகிறது. ஆர்இஜிபி தன்னுடைய செய்தியையும் விட்டுவைப்பதில்லை. நடுக்கால, கடைக்காலச் செய்திகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

மல்லிக் கணக்கு இங்கேதான் வருகிறது. வெட்டுப்பட்ட எம்ஆர்என்ஏ கூடையில் கிடக்கும் மறுநாள் பூ. பொருள் இருக்கிறது, பயன் போய்விட்டது. ஆய்வாளர்கள் இதைச் செயல் ஆயுள், வேதி ஆயுள் என்று பிரித்துச் சொல்வார்கள். ஒரு எம்ஆர்என்ஏ எவ்வளவு நேரம் புரதம் தருகிறது என்பது செயல் ஆயுள், எவ்வளவு நேரம் மூலக்கூறாக இருக்கிறது என்பது வேதி ஆயுள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் உங்கள் முடிவுகள் அத்தனையும் தப்பாகும்.

அந்த வெட்டுக்குப் பிறகு நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஆர்இஜிபி வெட்டிய துண்டின் 5 பிரைம் முனையில் பாஸ்பேட் இருக்காது, ஹைட்ராக்சில்தான் இருக்கும். அந்த முனையைப் பற்றி வெட்டும் நொதிகளுக்குப் பாஸ்பேட் வேண்டும். அதை ஒட்டித் தருவது டி4இன் பாலிநியூக்ளியோடைட் கைனேஸ். ஆமாம், நம் ஆய்வகத்தின் மைனஸ் 20 ஃப்ரீசரில் இருக்கும் அதே டி4 பிஎன்கே. ப்ரோபில் (ஒரு வரிசையைத் தேடும் டிஎன்ஏ துண்டில்) கதிரியக்கக் குறி ஒட்ட நாற்பது ஐம்பது வருடமாக உலகமே பயன்படுத்தும் நொதி. அது பாஸ்பேட்டை ஒட்டியதும் ஆர்என்ஏஸ்-ஈயின் தம்பி முறையான ஆர்என்ஏஸ்-ஜி வந்து அடுத்த வெட்டைப் போடுகிறது. 2012இல்தான் இந்தச் சங்கிலி தெளிவானது. ஒரு குழாயைப் பல வருடம் கையில் எடுத்து வேலை செய்துவிட்டு, ‘பேஜுக்கு இது எதற்கு?’ என்று ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்திருக்கிறோம். உங்கள் மாணவர்களையாவது கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காவல் வேலை. ஈ.கோலையில் ஆர்என்எல்ஏ, ஆர்என்எல்பி என்று ஒரு நச்சு, முறிவு ஜோடி இருக்கிறது. ஆர்என்எல்ஏ எம்ஆர்என்ஏவை வெட்டும் நச்சு. ஆர்என்எல்பி அதைக் கட்டி வைத்திருக்கும் முறிவு. முறிவு சீக்கிரம் சிதையும் இயல்புடையது, தொடர்ந்து தயாரித்தால்தான் போதுமான அளவு இருக்கும். பேஜ் வீட்டுக்காரரின் மரபணுக்களை முடக்கியதும் முறிவு தீர்ந்துபோகிறது, நச்சு அவிழ்ந்துகொள்கிறது. பேஜின் கடைக்காலச் செய்திகள் கண்டபடி வெட்டுப்படுகின்றன. பாக்டீரியா ஒருவேளை சாகும், ஆனால் பேஜும் பெருகாது, பக்கத்துச் செல்கள் தப்பும். டி4 இதற்கு டிஎம்டி என்ற சிறு புரதத்தைச் செய்து, தீர்ந்துபோன முறிவின் இடத்தில் தானே போய் ஆர்என்எல்ஏவைக் கட்டுகிறது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோனேசாகியின் குழு இதைப் பல வருடம் பிடித்து ஆராய்ந்தது. டிஎம்டி இல்லாத திரிபு டி4, ஆர்என்எல்ஏ உள்ள செல்லில் வளர்வதில்லை. ஆர்என்எல்ஏவை நீக்கிய செல்லில் வளர்கிறது. இவ்வளவு சுத்தமான சான்று உயிரியலில் அடிக்கடி கிடைக்காது.

ஆக, ஒரே தொற்றுக்குள் டி4 ஒரு கத்தரியைத் தூண்டுகிறது, ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருகிறது, ஒன்றைக் கட்டிப்போடுகிறது. பேஜ் தன் ஆர்என்ஏவைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று ஒரே வரியில் விடைத்தாளில் எழுதுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான். காப்பது எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை சிதைப்பதும்.

படி 3: டி7இல் வேறு கணக்கு

டி7 சின்னது, சுமார் 40,000 கார இணைகள். தனக்கென்று ஒரு ஆர்என்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதி) வைத்திருக்கிறது, அது ஈ.கோலையின் பாலிமரேஸைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். வேகம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ரைபோசோம்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். நடுவில் வெறும் எம்ஆர்என்ஏ நீண்டு கிடக்கும், படி 1இல் சொன்ன மாதிரி ஆர்என்ஏஸ்-ஈக்கு விருந்து. டி7இன் தீர்வு, மரபணு 0.7 தயாரிக்கும் ஒரு புரத கைனேஸ். அது ஆர்என்ஏஸ்-ஈயின் பின்பாதியிலும் ஆர்எச்எல்பியிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதன் பிறகு டி7 பாலிமரேஸ் எழுதிய செய்திகள் நிலைத்து நிற்கின்றன. 2001இல் இதைக் காட்டினார்கள்.

ஆர்என்ஏஸ்-3 என்ற இன்னொரு கத்தரியை டி7 எதிர்ப்பதில்லை, பயன்படுத்திக்கொள்கிறது. அது இரட்டை இழையாக மடிந்த இடங்களை வெட்டும். டி7இன் நீண்ட தொடக்கக் காலச் செய்தியை அது குறித்த இடங்களில் வெட்டித் தனித்தனி எம்ஆர்என்ஏவாக்குகிறது. ஒவ்வொன்றின் 3 பிரைம் முனையிலும் ஒரு கொண்டை ஊசி மடிப்பு நிற்பதால் முனையை அரிக்கும் நொதிகள் திணறும். 1973இல் டன், ஸ்டடியர் இருவரும் கண்டது இது.

படி 4: லாம்டாவில் பின்னாலிருந்து வரும் கட்டளை

லாம்டா பேஜ் பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் போய்த் தங்கவும் வல்லது. தங்குவதற்கு இன்டெக்ரேஸ் என்ற இணைப்பு நொதி வேண்டும், பெருகும்போது அது வேண்டாம். அதைத் தரும் ஒரே ஐஎன்டி மரபணு இரண்டு புரமோட்டர்களிலிருந்து (பாலிமரேஸ் எழுதத் தொடங்கும் இடங்கள்) படிக்கப்படுகிறது. பிஎல் புரமோட்டரிலிருந்து வரும் பாலிமரேஸ் நிறுத்தக் குறியைத் தாண்டி ஓடிவிடும். தாண்டிய இடத்தில் எஸ்ஐபி என்ற பகுதி மடிந்து, ஆர்என்ஏஸ்-3 அதை வெட்டுகிறது, பிஎன்பேஸ் அங்கிருந்து பின்னோக்கி அரித்து ஐஎன்டி செய்தியைத் தின்றுவிடுகிறது. பிஐ புரமோட்டரிலிருந்து வருவது நிறுத்தக் குறியிலேயே நின்றுவிடும். அதன் நுனி மடிப்பு சிறியது, ஆர்என்ஏஸ்-3 வெட்டாது, செய்தி பிழைக்கிறது. மரபணுவுக்குக் கீழே இருக்கும் வரிசை மேலே இருக்கும் மரபணுவை ஆள்கிறது.

அழகு இன்னும் இருக்கிறது. லாம்டா டிஎன்ஏ பாக்டீரியாவுக்குள் சேரும்போது ஐஎன்டியும் எஸ்ஐபியும் வெவ்வேறு முனைகளுக்குப் பிரிந்துவிடுகின்றன. வெளியேறவும் இன்டெக்ரேஸ் வேண்டும். அந்த நேரத்தில் பிஎல் செய்தியில் எஸ்ஐபி இல்லை, ஆகவே இன்டெக்ரேஸ் தாராளமாக வருகிறது. பாடத்தில் படம் வரையும்போது எஸ்ஐபியை விட்டுவிட்டு வரைகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

படி 5: மற்ற இரண்டை மேலோட்டமாக

சூடோமோனாஸைத் தாக்கும் ராட்சத பேஜ் ஃபை-கேஇசட், டிஐபி என்ற புரதத்தை ஜோடியாகச் செய்து ஆர்என்ஏஸ்-ஈயின் பின்பாதியில் ஆர்என்ஏ ஒட்டும் இடங்களை மூடிவிடுகிறது (2016). கடலில் வாழும் புரோகுளோரோகாக்கஸை பி-எஸ்எஸ்பி7 பேஜ் தாக்கும்போது பாக்டீரியாவின் ஆர்என்ஏஸ்-ஈ அளவு கூடுகிறது, எதிர் இழை ஆர்என்ஏ ஒட்டிக்கொண்டு சில செய்திகளைக் காக்கிறது.

படி 6: தொற்றை ஒரே நொடியில் தொடங்குங்கள்

இனி ஆய்வகம். நிமிடக் கணக்கில் அளக்கப்போகிறீர்கள், ஆகவே எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் தாக்கப்பட வேண்டும். ஒரு செல்லுக்கு ஒரு பேஜ் என்று கலந்தால், கணக்குப்படி 37 சதவீதம் செல்கள் பேஜே கிடைக்காமல் நிற்கும். அவற்றின் எம்ஆர்என்ஏ உங்கள் முடிவைக் கலக்கும். ஒரு செல்லுக்கு ஐந்து பேஜ் என்றால் தப்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு. தொற்றுக்குப் பின் சில நிமிடத்தில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் பரப்பி, எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று கட்டாயம் எண்ணுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்வதில் அர்த்தமில்லை.

படி 7: அரை ஆயுளை அளப்பது

புது எம்ஆர்என்ஏ உருவாவதை நிறுத்திவிட்டு, பழையது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. நிறுத்த ரிஃபாம்பிசின், காசநோய்க்குக் கொடுக்கும் அதே செந்நிற மருந்து. ஒரு மில்லிலிட்டருக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் சேர்ப்பது வழக்கம். 0, 1, 2, 4, 8 நிமிடங்களில் மாதிரி எடுத்து, 5 சதவீத ஃபீனால் கலந்த குளிர்ந்த எத்தனாலில் உடனே ஊற்றி ஐஸில் வையுங்கள். ஃபீனால் தோலைப் பொசுக்கும். கையுறையும் புகை வெளியேற்றும் அறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

இதில் மூன்று பொறிகள் உண்டு.

டி4 ஈ.கோலையின் பாலிமரேஸையே பயன்படுத்துவதால் ரிஃபாம்பிசின் அதை நிறுத்தும். டி7இன் சொந்தப் பாலிமரேஸை ரிஃபாம்பிசின் ஒன்றும் செய்யாது. டி7 கடைக்காலச் செய்திகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்திவிட்டு, அரை ஆயுள் நீண்டுவிட்டது என்று எழுதினால் முடிவு முழுக்கத் தவறு.

ரிஃபாம்பிசின் புதிதாகத் தொடங்குவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலிமரேஸ் முடித்துவிட்டுத்தான் நிற்கும். புரமோட்டரிலிருந்து 3,000 எழுத்து தள்ளியிருக்கும் மரபணுவில், நொடிக்கு 40-50 எழுத்து வேகத்தில், முதல் ஒரு நிமிடம் அளவு குறையவே குறையாது. அந்த நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது பொறி நம் ஊர் வெயில். ஒரு சித்திரை மாதத்தில் நான் எடுத்த மாதிரிகளில் எல்லாச் செய்தியும் மின்னல் வேகத்தில் சிதைந்த மாதிரி வந்தது. தொற்று இல்லாத செல்லிலும் அப்படியே. ஜெல்லைப் பார்த்தபோது 23எஸ், 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ பட்டைகளே இழுவிக் கிடந்தன. மதியம் மின்சாரம் போய் ஐஸ் தீர்ந்திருந்தது, குழாய்கள் மேஜையில் சில நிமிடம் நின்றிருந்தன. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: அந்த இரண்டு பட்டைகளும் கூராகத் தெரியாத மாதிரியை எந்த அளவுக்கும் எடுத்துக்கொள்வதில்லை. காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவதும் நல்லது.

கணக்குப் பயிற்சிக்கு ஒன்று. 2ஆவது நிமிடத்தில் 80 பங்கு இருந்த எம்ஆர்என்ஏ 6ஆவது நிமிடத்தில் 20 பங்கானால், நான்கு நிமிடத்தில் இரண்டு முறை பாதியாகியிருக்கிறது, அரை ஆயுள் 2 நிமிடம். எப்போதும் லாக் அளவுகோலில் புள்ளி வைத்து நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள்.

அளப்பதற்கு நிகழ்நேர பிசிஆர் எளிது. ஆனால் அது சிறு துண்டைத்தான் பார்க்கும். ஆர்இஜிபி வெட்டிய செய்தியில், வெட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கு பிரைமர் (பிசிஆர் நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்தால், செய்தி நலமாக இருக்கிறது என்று கருவி சொல்லும். மறுநாள் பூவை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வெட்டு இடத்தைத் தாண்டிச் செல்லும் ஒரு பிரைமர் ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று இரண்டாக வையுங்கள். வசதி இருந்தால் நார்தர்ன் பிளாட் செய்யுங்கள். பழைய முறைதான், ஆனால் துண்டின் நீளத்தைக் கண்ணால் காட்டுவது அதுதான்.

படி 8: வெட்டியது யார்?

சிதைகிறது என்று தெரிந்தால் போதாது, கத்தரியின் பெயர் வேண்டும். அதற்குத் திரிபு பாக்டீரியாக்கள் வேண்டும். ஆர்என்ஏஸ்-3, பிஎன்பேஸ், ஆர்என்ஏஸ்-ஜி, ஆர்என்எல்ஏ ஆகியவற்றைத் தனித்தனியாக நீக்கினாலும் ஈ.கோலை வாழும். ஆர்என்ஏஸ்-ஈயை முழுசாக நீக்கினால் வாழாது. அதற்கு வெப்பத்தில் செயலிழக்கும் திரிபு இருக்கிறது: 30 டிகிரியில் வளர்த்து, 42-44 டிகிரிக்கு ஏற்றினால் கத்தரி நின்றுவிடும். அதே வெப்பத்தில் சாதாரணச் செல்லையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தின் விளைவையும் நொதியின் விளைவையும் பிரிக்க முடியாது. ஆர்என்ஏஸ்-ஈயின் பின்பாதி மட்டும் இல்லாத திரிபும் உண்டு, அது உயிரோடு இருக்கும். டி7, ஃபை-கேஇசட் மாதிரி பின்பாதியைக் குறிவைக்கும் பேஜ் என்று சந்தேகம் வந்தால் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

வெட்டு எந்த எழுத்தில் விழுந்தது என்பதைப் பிரைமர் நீட்சி முறையால் கண்டுபிடிக்கலாம். அந்த முனையில் பாஸ்பேட் இருக்கிறதா, ஹைட்ராக்சில் இருக்கிறதா என்பதும் ஒரு துப்பு. ஆர்என்ஏஸ்-ஈ, ஆர்என்ஏஸ்-3 இரண்டும் 5 பிரைம் பாஸ்பேட் விட்டுப்போகும். ஆர்இஜிபி விட்டுப்போவது ஹைட்ராக்சில்.

படி 9: உங்கள் வைகை பேஜை எடுங்கள்

பந்தல்குடியிலோ கிருதுமாலிலோ கிடைத்த பேஜை மூன்று முறையாவது ஒற்றை வட்டத்திலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்துங்கள். மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய பின் டிஎம்டி, ஆர்இஜிபி, எஸ்ஆர்டி, 0.7 கைனேஸ் ஆகியவற்றுக்கு ஒத்தது ஏதும் உண்டா என்று தேடுங்கள். ஒத்தது எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் சோர வேண்டாம். டிஐபியைப் போல யாரும் எதிர்பார்க்காத புரதம் இருக்கலாம். அப்போது தேடல் தலைகீழாக நடக்கும்: முதலில் ஓஎம்பிஏ எம்ஆர்என்ஏவின் அரை ஆயுளைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். மாறினால், பேஜின் தொடக்கக் கால மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்மிடில் வைத்து, தொற்று இல்லாமலே எது அந்த மாற்றத்தைச் செய்கிறது என்று பாருங்கள்.

பேஜைக் குழாயில் போட்டு மூடும்போது எடுத்த இடம், தேதி, வளர்த்த பாக்டீரியாவின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு குழாயாகப் பிரித்து ஒன்றை 4 டிகிரியிலும் மற்றதைக் கிளிசராலோடு மைனஸ் 80 டிகிரியிலும் வையுங்கள். அடுத்த வருடம் வரும் மாணவர் அதிலிருந்து தொடங்கட்டும்.